பதினைந்து நொடிப் பச்சை

ஜெராக்ஸ் கடைக்காரி போராட்டத்தில் குதித்ததற்குப் பொதுநலம் காரணமல்ல. நாத்தனாரை எப்படியாவது கடையை விட்டுக் கிளப்ப வேண்டும், அவ்வளவுதான். கால் முறிந்து தேறிய அந்த அம்மாள் ஊன்றுகோலும் கையுமாகக் கடை முக்காலியில் உட்கார்ந்து, "பேப்பரை இப்படியா வைப்பே? விளங்கும்" என்று ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஓயாது.

நாத்தனாருக்கு வேலை இல்லாமலில்லை. நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் நூலகம். இருபது வருஷமாக அவள் ஆண்ட இடம். மூன்று மாதத்துக்குள் திரும்பாவிட்டால் நாற்காலி வேறொருவருக்குப் போய்விடும். ஆனால் நடப்பவர்களுக்கு அந்த சிக்னலில் பச்சை பதினைந்து நொடிதான். அவளுக்கோ இருபத்தெட்டு நொடி வேண்டியிருந்தது.

"நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன், அண்ணி."

"என்னை நீ கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறதுக்கு நான் வேலைக்கே போகல." வீம்பென்றால் அப்படியொரு வீம்பு.

நகராட்சிக்கு எழுதியதற்கு, ஊர் முழுக்க ஒரே விதி, பதினைந்து நொடி என்று பதில் வந்தது. அப்படியானால் விதியையே மாற்று என்று கிளம்பிவிட்டாள் கடைக்காரி. அந்தந்தச் சாலையில் மிக மெதுவாக நடப்பவரை அளந்து நேரம் வைக்கச் சொல்லி ஒரு மனு. நகல் எடுக்க வருகிறவர் அதில் கையெழுத்துப் போடாவிட்டால் அவருடைய அசல் திரும்பக் கிடைக்காது. குழந்தை வண்டி தள்ளுகிறவர்களும் மூட்டை சுமக்கிறவர்களும் தாங்களே தேடிவந்து போட்டார்கள். ஆறே வாரத்தில் எண்ணூறு பேர். கடைசியில் போக்குவரத்துப் பொறியாளர், நேரில் வந்து அளக்கிறேன் என்று நாள் குறித்தார்.

இங்கேதான் கடைக்காரியின் மூளை தேவைக்கு மேல் வேலை செய்தது. அன்றைக்கு எதுவும் சொதப்பிவிடக் கூடாதே என்று ஒத்திகை வைத்தாள். பக்கத்துக் கடை மெக்கானிக் கொடி காட்டி வண்டிகளை நிறுத்த, காலையில் நாலு தடவை, மாலையில் நாலு தடவை நாத்தனார் சாலையைக் கடந்தாள். பத்து நாள் இந்தக் கூத்து. முதல் நாள் மட்டும் நேரம் பார்த்தார்கள். அப்புறம் மெக்கானிக்குக் கொடி ஆட்டுவதிலேயே குஷி வந்துவிட்டது.

பொறியாளர் ஸ்டாப்வாட்சோடு வந்து நின்றார். தெரு நிறையக் கூட்டம், நூலக ஜன்னல்களிலும் தலைகள். பச்சை விழுந்தது. நாத்தனார் நிமிர்ந்த தலை நிமிர்ந்தபடி, ஊன்றுகோல் டக் டக்கென்று தட்ட, விறுவிறுவென்று போய்ச் சேர்ந்தாள். கூட்டம் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து கைதட்டியது.

கூடவே நடந்து வந்த பொறியாளர் சொன்னார்: "பதினாலு. ஒரு நொடி மிச்சமே இருக்கேம்மா! விதில ஒண்ணும் தப்பில்லையே."

பின்னாலேயே ஓடிவந்த கடைக்காரிக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. "ஏன் அண்ணி இப்படி ஓடினீங்க?"

"அத்தனை பேர் பாக்கறப்போ நான் தவழ்ந்தா போவேன்?"

நாத்தனார் முழு பாரத்தையும் சிக்னல் கம்பத்தில் சாய்த்து நிற்பதைக் கடைக்காரி அப்போதுதான் பார்த்தாள். வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"சார், உங்க வண்டி அந்தப் பக்கம்தானே நிக்குது? நானும் திரும்பணும். வாங்க, சேர்ந்தே போவோம்" என்றாள் நாத்தனார்.

அடுத்த பச்சையில் இறங்கினார்கள். பாதிச் சாலையில் நாத்தனாரின் கால் நின்றுவிட்டது. சிவப்பு விழுந்தது. நாலா பக்கமும் ஹாரன் அலறியது. பிறந்ததிலிருந்து யாரிடமும் கை நீட்டாத அந்தப் பொம்பளை பொறியாளரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் மறு கையை உயர்த்தி, "இருங்கய்யா! ஆள் போறது தெரியல?" என்று லாரிக்காரனைப் பார்த்துக் கத்தினார். கத்திக்கொண்டே அடி அடியாக நகர்ந்தார். கரையேற முப்பத்தைந்து நொடி ஆயிற்று.

"போனது வீம்பு சார். வந்ததுதான் என் காலு," என்றாள் நாத்தனார், மூச்சு வாங்க. பொறியாளர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவர் பேனாவை எடுத்தார்.

கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது புது விதி வந்தது. மறுநாள் காலை நாத்தனார் யார் கையையும் பிடிக்காமல், அவசரமும் படாமல் சாலையைக் கடந்து நூலகப் படியேறினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைக்காரி வாசலில் நின்று அழுதாள். நகல் எடுக்க வந்தவர் மூன்று முறை கூப்பிட்டது அவள் காதில் விழவே இல்லை.