முப்பத்திரண்டாவது விநாடி

என் அண்ணி முகத்தில் அடித்தாற்போல் போனை வைக்கிற ஆளே இல்லை. தப்பான நம்பர் வந்தால்கூட, சரியான நம்பரைத் தேடிக் கொடுத்துவிட்டுத்தான் வைப்பார். கிளை அலுவலகத்தின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் அவர்மேல்தான் புகார்: தலைமை அலுவலகத்து ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிடுகிறாராம். மூன்று வாரத்தில் நாற்பத்தோரு தடவை!

மேலாளர் வேலைநீக்கக் கடிதத்தைத் தயார் செய்து வைத்துவிட்டார். பாக்கி என் கையெழுத்து மட்டும்தான். தலைமை அலுவலகத்தில் போன், நெட்வொர்க் எல்லாம் என் பொறுப்பு. இணைப்பில் பழுது இல்லை என்று நாலு மணிக்குள் நான் எழுதித் தர வேண்டும்.

"சொந்தம்னு பார்க்காம உள்ளதை எழுதுங்க," என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அந்த ஒரு வார்த்தை போதாதா? பதிவேட்டைத் திறந்தேன். அழைப்பை முடித்தது யார் என்ற கட்டத்தில் வரிசையாக அண்ணியின் போன்தான். உடனே மேசை போனிலிருந்து அண்ணியைக் கூப்பிட்டேன்.

"உங்களுக்கு என்ன அண்ணி ஆச்சு? அண்ணன் மேல இருக்கிற கோபத்தையா ஆபீஸ்ல காட்டுறீங்க? என் மானத்தையும் சேர்த்து வாங்கணுமா?" என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் கத்தினேன். நடுவில் போன் கட்.

என்னிடமேவா! அதற்குள் செல்போன் அடித்தது.

"பாதித் திட்டு நின்னுபோச்சே, மிளகாய். மீதியையும் திட்டிடு," என்றார் அண்ணி. மிளகாய் என்பது அவர் எனக்கு வைத்த பெயர்.

"நீங்க ஏன் வெச்சீங்க?"

"நான் எங்கடி வெச்சேன்? ரிசீவர் இன்னும் ஒரு காதுல இருக்கு, செல்லு இன்னொரு காதுல." சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டவர் போலச் சட்டென்று நிறுத்தினார்.

பதிவேட்டில் பக்கத்துக் கட்டத்தை அப்போதுதான் பார்த்தேன். முப்பத்திரண்டு விநாடி. கீழே அதே முப்பத்திரண்டு. நாற்பத்தோரு வரியிலும் அதேதான். எந்தக் கோபக்காரியும் கடிகாரம் பார்த்துப் போனை வைக்க மாட்டாள். அட, என் கண் எங்கே போயிருந்தது?

இரண்டு அலுவலகத்துக்கும் நடுவே இணையத்துக்குள்ளேயே எங்களுக்கென்று ஒரு தனிவழி உண்டு. அண்ணி ரிசீவரை எடுத்ததும் அவர் போன் 'எடுத்தாச்சு' என்று செய்தி அனுப்பும். இங்கிருந்து 'சரி' என்று பதில் போக வேண்டும். முப்பத்திரண்டு விநாடி பார்த்தும் பதில் வராவிட்டால் போன் தானாகவே அழைப்பை முடித்துவிடும். பேச்செல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்க, அந்த ஒரு 'சரி' மட்டும் போய்ச் சேரவில்லை. கிளையின் ரௌட்டர் பெட்டியில், போன் அழைப்புக்கு உதவுகிறேன் பேர்வழி என்று ஒரு வசதி, செய்தியில் இருந்த முகவரியைத் திருத்தி அனுப்பியிருக்கிறது. எங்கள் பதில் தனிவழியை விட்டு வெளியே போய்த் தொலைந்திருக்கிறது.

அந்த வசதியை அணைத்துவிட்டுத்தான் ரௌட்டரை மாட்ட வேண்டும். மாட்டியது நான்தான். மூன்று வாரத்துக்கு முன்னால், வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில்.

இங்கிருந்தே அணைத்தேன். 'தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலாளரிடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். வேலைநீக்கக் கடிதத்தைக் கிழித்துப் போட்டார்.

"உங்களைப் பத்தி நாளைக்குப் பேசுவோம். ஆனா, அவங்களே ஒத்துக்கிட்டாங்களே!" என்று ஒரு தாளை எடுத்துக் காட்டினார். போன வாரம் அண்ணி எழுதிக் கொடுத்தது. 'கவனக்குறைவாக நான்தான் போனை வைத்துவிட்டேன். மன்னிக்கவும்.'

இடத்துக்கு வந்து அண்ணியை அழைத்தேன். ரௌட்டர் எப்படி இருக்கிறது, கிளையில் மழையா என்று எதையெதையோ கேட்டுக்கொண்டே திரையைப் பார்த்தேன். முப்பத்து மூன்று. நாற்பது. ஐம்பது. கட்டாகவில்லை.

"வைக்காத போனை வெச்சேன்னு ஏன் அண்ணி எழுதிக் குடுத்தீங்க?"

"நீ அந்தப் பொட்டியை மாட்டின அன்னிலேருந்துதான் கட்டாகுது. எனக்குத் தெரியாதா? உன் வேலை நிரந்தரமாகுற நேரம்டி. உன்கிட்ட சொன்னா, நேரா மேனேஜர் முன்னாடி போய் 'நான்தான்'னு நிப்பே. எனக்கென்ன, வேற எங்கயாவது போய் ஹலோ சொல்லிக்கிறேன்."

இப்படிப்பட்டவரைப் பார்த்தா அப்படிக் கத்தினேன்? ரிசீவரைக் காதோடு வைத்துக்கொண்டு, மேசைமேல் தலை கவிழ்ந்து அழுதேன்.

"மிளகாய்? என்னடி சத்தத்தையே காணோம்? மறுபடி கட்டாயிடுச்சா?"

"இல்ல அண்ணி. இருக்கேன்."