இலையின் ஓரம்

கல்லூரித் தாவரவியல் கூடத்தில் காய்ந்த இலைகளை அட்டையில் ஒட்டிப் பேர் எழுதி வைப்பதுதான் அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாயிற்று. சந்தேகம் என்றால் பேராசிரியர்களே அவளைத்தான் தேடி வருவார்கள். வீட்டில் அவளுக்கு 'இலைக்காரி' என்றே பேர். "சாப்பாட்டுல இலை கெடந்தா, இரு, அவ வந்து பேரு சொல்லட்டும், அப்புறம் எடுத்துப் போடலாம்" என்று அக்கா புருஷன், அத்தான், கேலி செய்வார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போனில் ஒரு படம் அனுப்பினாள். "வேலியோரம் முளைச்சிருக்குடி. முட்டி வலிக்குக் கொதிக்க வச்சுக் குடிப்பாங்களே, அதுதானே?"

இவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு ஒரு பார்வை. நீள இலை, புடைத்த நரம்பு, மேலெல்லாம் ரோமம். 'அதேதான்' என்று அனுப்பிவிட்டு அடுத்த சட்டையை உதறினாள்.

செவ்வாய் மதியம் அக்கா மகள் கூப்பிட்டாள். "சித்தி, அம்மாவுக்கு வாந்தி நிக்கல. பாக்கறதெல்லாம் மஞ்சளா தெரியுதாம். கஷாயம் குடிச்சதுலேருந்துதான். ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"மீதி இலை இருந்தா எடுத்துட்டு வா."

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தப் பெண் பையை நீட்டினாள். உள்ளே மூன்று இலைகள். இவள் நினைத்த இலையில் ரோமம் சுருக்கென்று குத்தும், ஓரம் வழவழவென்றிருக்கும். இதுவோ பஞ்சு மாதிரி. ஓரத்தில் விரலை ஓட்டினாள். பொடிப் பொடியாகப் பற்கள். ஓரத்தைப் பார்க்காமல் பேர் சொல்லாதீர்கள் என்று வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளிடம் சொல்பவள், படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டரிடம் ஓடிப் பேரைச் சொன்னாள். "இதயத்தைப் பிடிக்கிற விஷம் டாக்டர்."

"நிச்சயமா தெரியுமா?"

"இப்போ தெரியும்."

மாற்று மருந்து வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்தது. வந்து சேருமுன்பே, சாயங்காலம் ஐந்தரைக்கு, அக்கா போய்விட்டாள்.

அக்கா மகள் இவள் தோளில் விழுந்து கதறினாள். "தெரிஞ்சவங்கள கேட்டுட்டுதான் குடிக்கிறேன்னு சொன்னாங்களே சித்தி! எந்தப் பாவி சொன்னது?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்த நேரத்தில் யாரும் அக்கா போனைத் துழாவப் போவதில்லை.

"நான்தான் கண்ணு."

பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் மெல்லக் கழன்றன. திட்டவில்லை, அடிக்கவில்லை, எழுந்து போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அடித்திருந்தாலும் தேவலை.

அடக்கத்தன்று அந்த வீட்டு வாசலில் போய் நின்றாள். அத்தான் பார்த்தார். 'உள்ளே வா' என்று ஒருத்தரும் சொல்லவில்லை.