காகிதப் பை

லாரிகள் கிளம்ப ஐந்து மணி நேரம் இருந்தபோது சோதனைப் பட்டையில் ஒரே ஒரு கோடு விழுந்தது. இரண்டு விழ வேண்டும். இரண்டு விழுந்தால் மாவில் பூஞ்சை நஞ்சு வரம்புக்குள் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்று மட்டும் விழுந்தால் வரம்பைத் தாண்டிவிட்டது.

வேறொரு பையை வெட்டினேன். மறுபடியும் ஒன்று. மூன்றாவதை வெட்டும்போதே மாவு கட்டி கட்டியாக விழுந்தது. ஈரத்துணியை மூடி வைத்தது போல வாடை. பட்டையை நனைத்துப் பார்க்கவே தேவையில்லை. இருந்தாலும் நனைத்தேன்.

சோளத்தையும் வேர்க்கடலையையும் வறுத்து அரைத்த சத்துமாவு அது. புதிய உணவுக் கொள்கையில் வெளியே போகும் முதல் சரக்கு. பிள்ளைகளுக்குச் சத்து, உள்ளூர் ஆலைக்கு வளர்ச்சி, பிளாஸ்டிக் இல்லாத மண், மூன்றும் ஒரே பையில் என்று வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். பை, மட்கும் காகிதம். கிடங்கில் இரண்டு மாதமாக அடுக்கியிருந்த சரக்கிலிருந்துதான் மூன்று பைகளையும் எடுத்தேன். லாரியில் ஏறப்போவதும் அதே சரக்குதான்.

ஆய்வகத் தலைவரிடம் ஓடினேன். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் வெப்பமானியைப் பார்ப்பவர் என்பதால் ஆலையில் அவருக்கு டிகிரி சார் என்று பெயர். விழாவுக்காகப் போட்டிருந்த புதுச் சட்டையின் காலருக்குள்ளிருந்து அட்டையை உருவிக்கொண்டிருந்தார்.

"கிடங்குல எங்கயாவது ஒழுகியிருக்கும்மா."

"ஒழுகல சார். பாத்துட்டேன்."

"மூணு மாசம் சூட்டறையில வச்சு சோதிச்சிருக்கோம். ஒரு பை கெடல. நீ வந்து எத்தனை நாள் ஆச்சு?"

சூட்டறை என்பது பீரோ மாதிரி ஒரு பெட்டி. உள்ளே வேண்டுமென்றே வெப்பமும் புழுக்கமும் வைப்போம். ஒரு வருடத்து மழையையும் வெயிலையும் மூன்று மாதத்தில் காட்டிவிடும். போய்த் திறந்தேன். என் கண்ணாடி பனித்துப்போனது. துடைத்துவிட்டுப் பார்த்தேன். சோதனைப் பைகள் தட்டுகளில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஜிப் கவருக்குள்.

எங்கள் ஆய்வகத்தில் எதையும் அப்படித்தான் வைப்பார்கள். அந்தப் புழுக்கத்தில் காகிதத்தின் மேல் எழுதினால் மை ஊறிவிடும். அதனால் மாதிரியை பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவரின் மேல் எண் எழுதுவது. நான் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அதைத்தான். தகர டப்பாவை அப்படி வைத்தால் ஒன்றும் ஆகாது, கண்ணாடிப் புட்டியை வைத்தாலும் ஆகாது. காகிதப் பையையும் கை தானாகவே கவருக்குள் போட்டுவிட்டது. ஈரம் அந்தக் காகிதத்தைத் தொடவே இல்லை. மூன்று மாதமும் தாக்குப்பிடித்தது பிளாஸ்டிக்.

ஒன்றைக் கவரோடு எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். டிகிரி சார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"எழுதிக் குடு. திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

"திங்கக்கிழமை பசங்க சாப்பிட்டுட்டிருப்பாங்க சார்."

"மந்திரி பாதி வழி வந்துட்டாரும்மா." அவர் குரல் கெஞ்சுவது போல இருந்தது. "இப்ப போயி நான் என்னன்னு சொல்லுவேன்?"

அறையைப் பூட்டிக்கொண்டு மேடைப் பக்கம் போய்விட்டார்.

கொள்கை அலுவலகத்துக்கு போன் போட்டேன். தொழில் பிரிவில் எடுத்தவர், "நஞ்சுன்னா அது சுகாதாரம்மா, மாத்தி விடறேன்" என்றார்.

சுகாதாரப் பிரிவில், "எந்தக் குழந்தைக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள்.

"இன்னும் இல்ல."

"அப்போ பைதானே பிரச்சினை? அது சுற்றுச்சூழல்."

சுற்றுச்சூழலில் ஒரு அம்மா. "பை மட்குதா, மட்கலையா?"

"மட்குது மேடம்."

"அப்புறம் என்னம்மா?" என்று மறுபடியும் தொழில் பிரிவுக்கே மாற்றினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்சம் சத்தமாப் பேசும்மா என்று மூன்று பேருமே சொல்லியிருந்தார்கள்.

இனி மிச்சம் இருந்தது பேக்கிங் கூடம்தான். அங்கே என் சொந்த அக்காதான் லைன் லீடர். அவள் கை காட்டினால்தான் பெட்டி லாரிக்கு நகரும்.

"வாங்க விஞ்ஞானி, வெள்ளைக் கோட்டு அழுக்காயிடப் போகுது" என்றாள் பெல்ட் ஓரம் நின்ற ஒருத்தி.

"அதுகிட்ட ஏன்டி பேச்சுக் குடுக்கற? தலையத்தான் ஆட்டும்" என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. "என்னடி, மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு? சாப்பிட்டியா?"

"லாரியில ஏத்தாதக்கா."

"விளையாடாத. பாதிகூட இன்னும் ஏறல."

"ஏத்தாத."

"ஏன்னு சொல்லு. வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

அவள் விரல்களில் பிளாஸ்திரி சுற்றியிருந்தாள், காகித விளிம்பு அறுத்தது. முன்பு பிளாஸ்டிக் கவர் செய்யும் கம்பெனியில் இருந்தாள். இதே கொள்கை வந்து அதை மூடியது. எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். அத்தான் விட்டுப்போனபோதுகூட அழாதவள், அந்த எட்டு மாதத்தில் பாத்திரம் கழுவும்போதெல்லாம் அழுதாள். காகிதப் பை வந்த பிறகுதான் அவளுக்கும் இந்தப் பெண்களுக்கும் வேலை வந்தது. பை நின்றால் லைன் நிற்கும்.

என் முகத்தைப் பார்த்தே அவள் ஏதோ புரிந்துகொண்டாள். என் முழங்கையைப் பிடித்துச் சுவரோரமாக இழுத்தாள்.

"பையில ஏதாவதா?"

தலையாட்டினேன்.

"நாளைக்குச் சொல்லு." பெல்ட் ஓரம் நின்ற பெண்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "என்னவா இருந்தாலும் நாளைக்குச் சொல்லுடி. இன்னிக்கு வேணாம். என் பசங்கள நினைச்சுப் பாரு."

வெளியே மைக்கில் யாரோ ஹலோ, ஹலோ என்று சரிபார்த்தார்கள். முதல் லாரி உறுமியது. அக்கா என் முழங்கையை விடாமலே மறு கையைத் தூக்கிக் காட்டினாள். பெட்டி ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று நகர்ந்தது.

நான் கையை உதறிவிட்டுப் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். சக்கரம் என் செருப்பில் இடித்து நின்றது. பெல்ட் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்தது.

"அக்கா, இந்தப் பைய நாங்க சோதிக்கவே இல்ல! பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டு வச்சு கவரத்தான் சோதிச்சோம்! உள்ள இருக்கற மாவு நஞ்சாயிடுச்சு!"