உட்காராத பேஸ்காரன்

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் இரண்டு கைகள் மேலும், அவற்றில் உள்ள பத்து விரல்கள் மேலும் தனித்தனியாகச் சத்தியம் செய்கிறேன். எந்த விரல் மீதாவது சந்தேகம் உள்ளவர்கள் நேரில் வந்து அதைப் பிடித்துப் பார்க்கலாம். பிறகு அவரவர் கை அவரவர் பொறுப்பு.

எனக்கு வயது அறுபத்தொன்பது. மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நான்கே தந்திகள், ஒவ்வொன்றும் துணி காயப்போடும் கம்பி மாதிரி. எடை நாலரைக் கிலோ, அத்தனையும் ஒரே தோளில். பாட்டுக்கு அடியில் ‘தும் தும்’ என்று போய்க்கொண்டிருப்பது நான்தான். யாரும் கவனிக்க மாட்டார்கள். அஸ்திவாரத்தைப் பார்த்து எவன் வீட்டைப் புகழ்ந்தான்?

குழுவுக்குத் தலைவன் என் மனைவியின் தம்பி. ஒரு கல்யாண வரவேற்பில், இரண்டாம் மணி நேரத்தில், என் இடது சுண்டுவிரல் மரத்துப்போனது. கால்களும் வெலவெலத்தன. டிரம்ஸ்காரரின் பெட்டி மேல் ஒரு பாட்டுக்கு உட்கார்ந்தேன். ஒரே ஒரு பாட்டு. மறுநாள் காலை மச்சினன் வீட்டுக்கு வந்து, அக்காள் கொடுத்த காப்பியை ஊதி ஊதிக் குடித்து முடித்து, காலிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அத்தான், இனிமே பேஸை கீபோர்டுக்காரரே இடது கையால வாசிச்சுக்கறேங்கறாரு. நீங்க ஹாயா முன் வரிசையில உக்காந்து கேளுங்க.”

நாற்பத்திரண்டு வருஷமாக முழு ஆளாக நின்று நான் செய்த வேலையை, இன்னொருவரின் சும்மா கிடக்கும் கை செய்துவிடுமாம். சுர்ரென்று ஏறியது. குரலை மட்டும் உயர்த்தவில்லை. ஆறு வாரம் கழித்து ஊழியர் சங்க ஆண்டு விழா இருக்கிறது. மூன்று மணி நேரமும் நின்றபடி வாசிக்கிறேன். ஒரு தடவை உட்கார்ந்தாலும் என் இடத்தை அந்த இடது கைக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். உட்காராவிட்டால் இந்தப் பேச்சை நீ ஜென்மத்துக்கும் எடுக்கக் கூடாது என்றேன். அவன் தன் அக்காவைப் பார்த்தான். அவள் என் முழங்காலைப் பார்த்தாள்.

“ஜாம் பாட்டில் மூடியத் திறக்க எதிர் வீட்டம்மாவக் கூப்பிடற ஆளு,” என்றாள்.

அதோடு பந்தயம் உறுதியாகிவிட்டது.

அன்றைக்கே பயிற்சியைத் தொடங்கினேன். முதலில் கைப்பிடி. பெரிய பாத்திரத்தில் அரிசியைக் கொட்டி, மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டு, விரல்களை விரித்து விரித்து மூட வேண்டும். ஒரு கைக்கு நூறு தடவை. முதல் நாள் இருபதிலேயே நாக்குத் தள்ளியது. உலை கொதிக்கிறது, அரிசியைத் தருகிறீர்களா, இல்லை கையோடு சேர்த்துப் போடட்டுமா என்று மனைவி கேட்டுவிட்டுப் போனாள். இரண்டாம் வாரம் நூறு வந்தது. மூன்றாம் வாரம் பாத்திரத்தில் அரிசி இல்லை, மாவு இருந்தது. நைசான மாவு, சலிக்கவே வேண்டாம். எங்கள் குடியிருப்பில் இருபத்துநான்கு வீடுகள். செய்தி படிக்கட்டில் இறங்கிப் போன வேகத்தில் ஜனங்கள் பையோடு ஏறி வந்தார்கள். ஐந்தாம் நாள் தெருமுனை மாவு மில்காரரே வந்துவிட்டார்.

“பெரியவரே, ஒண்ணு நீங்க கையைக் கட்டுங்க, இல்ல நான் கடையைக் கட்டறேன்,” என்றார்.

நான் கையைக் கட்டுவதாக இல்லை. ஆண்டு விழா முடியட்டும், பேசலாம் என்றேன். கிளம்பும்போது மரியாதைக்குக் கை கொடுத்தார். அதுதான் அவர் செய்த தப்பு. இன்றைக்கும் இடது கையால்தான் தராசு பிடிக்கிறார்.

அடுத்தது சுண்டுவிரல். அது வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி. சாப்பாட்டுக்கு எல்லோருக்கும் முன்னால் வரும், வேலை என்றால் மோதிர விரலுக்குப் பின்னால் ஒளியும். பேஸ்காரனுக்கு அது கட்டாது. ஒரு கட்டைக்கு ஒரு விரல் என்று நான்கும் சரியாக உழைத்தால்தான் சுருதி நிற்கும். ஆகவே நான்கு விரல் நுனிகளையும் சுவரில் ஊன்றி, ஒன்றன்பின் ஒன்றாக, சிலந்தி போல மேலே நடக்க வைத்தேன். சுண்டுவிரல் முதல் வாரம் சறுக்கியது, இரண்டாம் வாரம் முனகியது. நான்காம் வாரம் ஏறத் தொடங்கியது பாருங்கள், அதை நிறுத்த என்னால் முடியவில்லை. நானும் கூடவே போக வேண்டியதாயிற்று. மனைவி அறைக்குள் வந்தபோது என் தலை கூரையில் முட்டிக்கொண்டிருந்தது. கால்கள் அலமாரி உயரத்தில் தொங்கின.

அவள் அண்ணாந்து பார்த்தாள். “போனதுதான் போனீங்க, அந்த ஃபேனைத் துடைச்சுட்டு இறங்குங்க.”

துடைத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

கால்களுக்கு, சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்காருகிற மாதிரி இருக்க வேண்டும். அப்படி இருந்தபோது மின்சாரக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். ரொம்ப சௌகரியமான நாற்காலி போலிருக்கிறதே, இன்னொன்று இருக்கிறதா என்றார். இதே மாதிரிதான், இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். பாவம், அவர் பயிற்சி இல்லாதவர்.

தோளுக்குச் செங்கல். கிட்டார் உறைக்குள் கிட்டாரோடு ஆறு செங்கல் வைத்து மாட்டிக்கொண்டு தபால் நிலையத்துக்கும் காய்கறிக் கடைக்கும் போய் வந்தேன். வாரத்துக்கு நான்கு செங்கல் கூட்டினேன். ஆறாம் வாரம் குடியிருப்புச் செயலாளர் மதில் சுவரை இரண்டு தடவை அளந்து பார்த்தார்.

விழா நாளான ஞாயிற்றுக்கிழமை வந்தது. மதியம் மூன்று மணிக்கு மேடை ஏறினோம். உறையிலிருந்து செங்கற்களை எடுத்த பிறகு, கிட்டார் விசிறி மாதிரி இருந்தது. காற்றில் எழும்பிவிடாமல் இருக்க ஒரு காலை ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அடியில் செருகிக்கொண்டேன். மச்சினன் லேசுப்பட்டவன் இல்லை. இடைவேளையை ரத்து செய்தான். பல்லவியைப் பதினோரு தடவை பாட வைத்து ஒரே பாட்டை இருபத்திரண்டு நிமிஷம் இழுத்தான். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் என் முழங்காலைப் பார்த்தான். கீபோர்டுக்காரரின் இடது கை, பந்தியில் இலைக்குக் காத்திருப்பவன் மாதிரி, கீழ்க் கட்டைகளுக்கு மேலே தயாராக நின்றது.

இரண்டாம் மணி நேரத்தில், போன தடவை உட்கார்ந்த அதே கட்டத்தில், சுண்டுவிரலுக்கு முழுப் பொறுப்பையும் கொடுத்தேன். அது தந்தியை அமுக்கிய அமுக்கில் கடைசி வரிசை நாற்காலிகள், ஆட்களோடு, மெல்ல முன்னால் நகர்ந்தன. மூன்றாம் வரிசையில் ஒருவருக்கு ஒரு மாதமாக ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்தது. அவர் எழுந்து நின்று கைதட்டினார். கட்டடத்தின் லிஃப்ட் ஆள் இல்லாமலே நான்காம் மாடிக்குப் போய் வந்தது. கீபோர்டுக்காரர் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். விழா முடியும் வரை அதை வெளியே எடுக்கவில்லை.

மூன்றாம் மணி நேரம் முடியக் கால் மணி இருந்தபோது மச்சினனின் குரல் கம்மியது. தலைவன் நிற்கும்போது உட்காருவது மரியாதை இல்லை என்பதால் டிரம்ஸ்காரரைத் தவிர எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். தலைவனோ நான் நிற்பதால் நின்றுகொண்டிருந்தான். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் மைக்கை மூடிக்கொண்டு என் பக்கத்தில் வந்தான்.

“அத்தான், உங்க இடம் உங்களுக்குத்தான். யாரும் கேக்க மாட்டோம். தயவுசெஞ்சு கொஞ்சம் உக்காருங்க, எங்களுக்குக் கால் விண்ணுவிண்ணுங்குது.”

“நீ உக்காரு மாப்ள,” என்றேன். “எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு.”

அவன் உட்கார்ந்தான். மேடையின் ஓரத்தில், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்க. அவன் அக்காள் முன் வரிசையிலிருந்து எழுந்துபோய் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். மீதிக் கால் மணி நேரமும் நான் நின்றே வாசித்தேன். பிறகு, யாருக்காவது சந்தேகம் இருந்துவிடக் கூடாதே என்று, கூட்டம் கலைந்த பிறகும் ஒரு பாட்டு வாசித்தேன்.

அதே ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து செவ்வாய்க்கிழமை மாலை வரை, செங்கல் தூக்கியதில் வந்த இடுப்புப் பிடிப்புக்காக, நான் அரசு மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் பன்னிரண்டாம் எண் கட்டிலில் மல்லாந்து கிடந்தேன்.