தோற்றவர் நடக்க வேண்டிய பாதை

வாதத்தில் தோற்பவர் பொழுது சாய்வதற்குள் பாட்டண் நகரை விட்டுப் போய்விட வேண்டும். அரசர் வைத்த நிபந்தனை அது. வாதம் ஆடிப் பௌர்ணமிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்; அரசருக்கு ஜுரம் வந்து தள்ளிப்போனது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலம் நாலு மாதமும் சமணத் துறவிகள் யாரும், எந்தக் கட்சியானாலும், ஊர் தாண்ட மாட்டார்கள். பாதையெல்லாம் புல்லும் புழுவும்; காலை வைத்தால் கொலை.

கோட்டைவாசல் மண்டபத்தில் அரசர் முன்னால் சபை கூடியது. ஒரு பக்கம் எங்கள் குரு நயகுஞ்சரர், வெள்ளாடைக்காரர். எதிரே தெற்கிலிருந்து வந்த கிழவர், ஆடை துறந்த அமரசேனர். குருவின் கூட்டத்துப் பெண் துறவிகளான நாங்கள் தூணோரம் இருந்தோம்.

"பொம்பளைக்கும் வீடுபேறு உண்டுன்னு எழுதியிருக்கீரே ஓய், கட்டின துணியையே விட முடியாதவ உலகத்தை எப்படி விடுவா?" என்றார் அமரசேனர்.

சபை சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பற்று மனத்தில்தான் இருக்கிறது, துணியில் இல்லை என்று குரு தம் நூலில் ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறார். மை தொட்டு அதை ஓலையில் பிரதி எடுத்தவள் நான். அதைச் சொன்னால் கிழவர் வாயடைத்துப் போவார்.

குரு வாயைத் திறந்தார். வெளியே பார்த்தார். மூடிக்கொண்டார்.

"சொல்லித் தொலைங்களேன்," என்று முணுமுணுத்தேன்.

பக்கத்திலிருந்த ஜயஸ்ரீ என்னைக் கிள்ளினாள். "வெளியில பாருடி. இவர் ஜெயிச்சா அந்தக் கிழவர் இந்தப் புல்லு மேலதானே நடக்கணும்?"

"தோத்தா இவர் நடக்கணுமே."

"அதான் இப்படி வேர்த்துக் கொட்டுது அவருக்கு."

மந்திரி கனைத்தார். "பதில் இல்லைன்னா தோல்விதான், சுவாமி. அறிவிச்சிடலாமா?"

குரு எழுந்தார். பூச்சி எதுவும் மிதிபடாதபடி கையிலிருந்த கம்பளிக் கற்றையால் தரையைக் கூட்டிக்கொண்டே வெளிவாசலுக்குப் போனார். ஒரு காலை எடுத்தவர் அதை வைக்க இடம் தெரியாமல் அப்படியே நின்றார்.

"ஓய், வந்து உக்காரும்," என்றார் அமரசேனர். மந்திரியிடம் திரும்பினார். "நான் கேட்ட விதம் சரியில்ல. யோசிச்சுத் திரும்பக் கேக்கணும்."

"எவ்வளவு நேரம் வேணும்?"

"மழை விடற வரைக்கும்."

அரசர் தலையசைத்தார். குரு திரும்பி வந்து உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். பிறகுதான் கோபம் வந்தது. புல்லுக்காக இரண்டு கட்சியும் ஒன்றாகிவிட்டன. எனக்கு வீடுபேறு உண்டா இல்லையா என்பதை மட்டும் மழை விட்ட பிறகு கார்த்திகையில் பார்த்துக்கொள்ளலாமாம்.