நான்கு வரிப் பெட்டி

நித்யா எழுதிக் கொடுத்த இரண்டு பக்கங்களை ராம்ப்ரஸாத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதற்குள் கல்யாணச் சமையல்காரர் அப்பாண்டையின் வெப்சைட்டுக்கு முகப்புப் படத்தைப் போட்டு முடித்துவிட்டான். கருநீல வானம், முழுநிலா, சர விளக்குகளுக்குக் கீழே வாழையிலைப் பந்தி. ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி. எழுத்து வர வேண்டிய அந்த இடத்தில் 'அஆஇஈ அஆஇஈ' என்று நான்கு வரிகளை நிரப்பியிருந்தான்.

"இதுக்குள்ள அடக்கு. மிச்சத்தை வெட்டிடு."

"படிச்சுட்டுப் படம் போடுன்னு போன வாரமே சொன்னேன்."

"டிசைன்தாம்மா வீடு. கன்டென்ட் அப்பால குடிவரும்."

"எத்தினி பேரு குடிவராங்கன்னு கேக்காமயா வீடு கட்டுவாங்க?"

"மணி அஞ்சரை ஆயிடுச்சி பாரு. போய் உன் டின்னரைத் துன்னு."

ஆபீஸ் அறையே சிரித்தது. நித்யா டப்பாவைத் திறந்தாள். இருட்டிய பிறகு சாப்பிடாத சமணக் குடும்பம் அவளுடையது. அப்பாண்டையும் அப்படித்தான்; விளக்கு வைத்த பிறகு பந்தி கிடையாது என்று சொல்லிவிட்டுத்தான் கல்யாணத்தையே ஒப்புக்கொள்வார். நிலாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. நாளைக்கு அவர் வந்து பார்க்கும்போது இவன் முகம் போகிற போக்கை நினைத்தபோது தயிர்சாதம் ருசித்தது. அந்த ருசி அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனாலும் நான்கு வரிகளாகச் சுருக்கிக் கொடுத்தாள். படிக்காமலே ஒட்டினான்.

மறுநாள் காலை முதலாளி பரசுராமன் அப்பாண்டையை அழைத்துவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். அப்பாண்டை உரக்கப் படித்தார்.

"பொழுது சாய்ந்த பின் எங்கள் அடுப்பு எரியாது."

நிமிர்ந்து நிலாவைப் பார்த்தார். ராம்ப்ரஸாத்தின் முகம் வெளுத்தது. நித்யா காத்திருந்த சந்தோஷம் வருவதற்குள் அவர் அவள் பக்கம் திரும்பிவிட்டார்.

"அந்தத் தம்பிக்குத் தெரியாது. உனக்குமா தெரியாது? நீ இருக்கேன்னு நம்பித்தானம்மா இங்க வந்தேன்? இதைப் பாத்துட்டு ராத்திரி ரிசப்ஷனுக்குக் கூப்பிட்டா நான் என்ன பதில் சொல்றது?"

சொன்னேன், இவன்தான் கேட்கவில்லை என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் படி என்று மட்டும்தானே சொன்னாள்? நிலாவை வேண்டுமென்றே விட்டுவைத்தவள் அவள்.

"தெரிஞ்சுதான் விட்டேன் மாமா."

அப்பாண்டை எழுந்தார். "உங்க சண்டைக்கு என் பொழப்புதான் கிடைச்சுதா? எழுதினதைப் படிச்சு முடிச்சுட்டுக் கூப்புடுங்க. அதுக்கப்புறம் இந்த வேலை இங்கயா, வேற இடமான்னு சொல்றேன்."

அவர் போனதும் பரசுராமன் அவள் நாற்காலியை இழுத்து ராம்ப்ரஸாத்தின் மேசையருகே போட்டார். "படத்தை அழி. அவ எழுத்துலேர்ந்து ஆரம்பி. இந்த ஆள் கைய விட்டுப் போனா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவீங்க."

ராம்ப்ரஸாத் அவள் பக்கங்களைத் திறந்தான். பாதி படித்துவிட்டு, திரும்பாமலே சொன்னான்.

"விஷம்மா நீ."

நித்யா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டாவது பக்கமும் இருக்குது. படி."