கை சுத்தம்

எங்கள் அண்ணன் துணியைக் கண்ணால் பார்த்து வாங்கியதில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். நூல் எப்படி, கஞ்சி எவ்வளவு, மூன்றாவது துவைப்பில் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் அந்த ஒரு தேய்ப்பில் வந்துவிடும். அவர் கட்டைவிரலில் குறுக்காக ஒரு தழும்பு உண்டு. தொழில் பழகிய காலத்தில் கத்தரி பட்டது. "எல்லாருக்கும் கண்ணு முகத்துல. எனக்கு இங்க" என்று அதைத் தூக்கிக் காட்டுவார்.

நான் அவருடைய தம்பி. அதே துணிக்கடையில் அளவுகோலோடு நிற்கிறவன். அவருக்கு விரல், எனக்கு வாய். வாங்கும்போது அவர், விற்கும்போது நான். இந்த இரண்டையும் வைத்துத்தான் கடை ஓடியது. இந்த இரண்டும் சேர்ந்துதான் மச்சானை வீட்டைவிட்டு அனுப்பின.

மச்சான் என்றால் அண்ணியின் தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் அண்ணி கையில் வளர்ந்தவர். மூன்று தொழில் வைத்து மூன்றிலும் கையைச் சுட்டுக்கொண்டு, ஒரு பெட்டியோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். அண்ணன் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வண்டி ஓட்டத் தெரியுமில்ல?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கே குடும்பக் காரின் சாவி மச்சான் கைக்குப் போனது. மாடியில் ஓர் அறையும் கிடைத்தது. அந்தச் சாவியை அவர் ஆணியில் மாட்டியதில்லை. சாப்பிடும்போதுகூட இடது கைப்பக்கம் தட்டை ஒட்டியே வைத்திருப்பார். அந்த வீட்டில் அவர் உட்கார்ந்து சாப்பிட அது ஒன்றுதான் காரணம் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

வண்டிக்கு வயதாகியிருந்தது. ஒரு நாள் இடது பக்க ஹெட்லைட் அணைந்தது. ஆயுசு முடிந்து போன பல்பு, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. "புதுசு வாங்கிப் போடுறேன் அத்தான்" என்றார் மச்சான்.

"நீ வாங்குனா தலையில கட்டிடுவான். வாங்குறத எங்கிட்ட விடு" என்றார் அண்ணன்.

இப்போதைய பிள்ளைகள் பேச்சில் பல்பு வாங்குவது என்றால் ஏமாந்து நிற்பது. அந்தப் பேச்சு அண்ணன் காதுக்கு வந்து சேரவில்லை.

உதிரிபாகக் கடைக்கு நானும் போனேன். கடைக்காரர் சின்ன அட்டைப்பெட்டி ஒன்றை வைத்தார். அண்ணன் அதைப் பிரித்துப் பல்பை வெளியே எடுத்தார். காலையில் தலையில் எண்ணெய் வைத்த அதே கை. கண்ணாடியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, பட்டுக்கரையைப் பார்ப்பதுபோல உருட்டி உருட்டித் தேய்த்தார்.

"சார், கண்ணாடில கை வேண்டாமே" என்றார் கடைக்காரர்.

"ஏன், கூசுதா அதுக்கு?"

"இல்ல சார், அடிப்பக்கம் பிடிச்சுப் பாருங்க."

அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கும் புரிந்தது. தொடாதே என்று விற்கிறவன் சொன்னால் சரக்கில் ஏதோ இருக்கிறது. இது நாங்கள் பேசப் பழகுவதற்கு முன்னால் படித்த பாடம். அவர் இன்னொரு தரம் நன்றாக அழுத்தித் தேய்த்தார். பிறகு மொத்தமாக ஒரு டஜன் எடுத்துக்கொள்கிறேன் என்று விலையைக் கடைக்காரர் முகம் கறுக்கும் வரை இறக்கினார். பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தொட்டுப் பார்த்துத்தான் பையில் போட்டார். வெளியே வந்ததும், "ஒரே சரக்கு, மோசமில்ல" என்று தீர்ப்பும் சொன்னார்.

மச்சான் ஒன்றை மாட்டினார். இரண்டு வாரத்தில் போனது. இன்னொன்றை மாட்டினார். அதற்குள் வலது பக்கம் போனது. அதை மாற்றினால் இடது. ஒரு நேரத்தில் ஒரு விளக்குக்குமேல் எரிந்த நாட்கள் குறைவு. தெருவில் எங்கள் காருக்கு ஒத்தக்கண்ணன் என்று பெயர் விழுந்தது. மச்சானிடம், "உங்க வண்டி எங்களப் பாத்துக் கண்ணடிக்குது" என்று எதிர்வீட்டுக்காரம்மா புகார் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது.

வண்டி எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனார். ஃப்யூஸ், ரிலே, வயர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "வண்டில ஒண்ணும் இல்ல. வேற பல்பு போட்டுப் பாருங்க" என்றார் அவர். மச்சான் இதை அப்படியே வந்து சொன்னார். அண்ணன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வேற பல்பு என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

அன்று மதியம் கடையில் கூட்டமில்லை. டீ வந்தது. மச்சான் இன்னொரு பல்பு கேட்டு வந்து நின்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை.

"போறதெல்லாம் எங்கய்யா போகுது? மாடில தனியாக் கடை போட்டுட்டீங்களா மச்சான்?" என்றேன்.

கடைப்பையன்கள் சிரித்தார்கள். கணக்குப்பிள்ளை டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். மச்சானும் சிரித்தார். "ஆமா சின்னத்தான், திறப்புவிழாவுக்கு உங்களத்தான் கூப்பிடணும்" என்றார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு மச்சான் முகத்தை ஒரு தரம் பார்த்தார். மூட்டையைப் பிரிக்காமலே சந்தேகப்படுகிற பார்வை அது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த நகைச்சுவைக்குப் போய்விட்டேன்.

மழை பிடித்த ஒரு சாயங்காலம், அண்ணியைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. ஒரு விளக்கு அன்று காலையிலேயே போயிருந்தது. "மாத்திட்டுக் கிளம்புறேன் அத்தான்" என்றார் மச்சான்.

"ஒண்ணு எரியுதில்ல? டாக்டர் உனக்காகக் காத்திருப்பாரா? போ."

பாலத்துக்கு இறங்கும் வளைவில் எரிந்த ஒன்றும் படக்கென்று போனது. மச்சான் பிரேக்கை ஓங்கி மிதித்தார். சறுக்கிய வண்டி பள்ளத்தில் மூக்கை வைத்துக்கொண்டது. பெரிதாக ஒன்றுமில்லை. அண்ணியின் வலது மணிக்கட்டு மட்டும் முறிந்தது.

மறுநாள் காலை மச்சான் கடைக்கு வந்தபோது மூன்று வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அண்ணன் துணி வெட்டும் மேசைக்குப் பின்னால் நின்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"நான் தொட்டு வாங்குன சரக்கு ரெண்டு வாரத்துல போகாது. நீ மாட்டுறது நான் வாங்குனதில்ல."

"அத்தான், நீங்க குடுத்ததத்தான் மாட்டுறேன்."

"புதுசு எங்கயோ போகுது. பழசு என் வண்டில ஏறுது. இவனே அன்னைக்குச் சொன்னான்" என்று என்னைக் காட்டினார்.

மச்சான் என் பக்கம் திரும்பினார். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. எந்தச் சீட்டித்துணியையும் பட்டு என்று விற்கிற என் வாய், அந்த நேரம் பார்த்து அளவுகோலைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"கை சுத்தம் இல்லாதவங்கிட்ட வண்டிச் சாவி எதுக்கு?" என்றார் அண்ணன்.

மச்சான் சாவியை மேசைமேல் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். "அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார். வீட்டுக்குப் போய் அண்ணியிடம் வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, வந்த பெட்டியோடு போய்விட்டார். அண்ணி ஒன்றும் தெரியாதவர் இல்லை. வாடிக்கையாளர் மூவரில் ஒருத்தி பக்கத்துத் தெருக்காரி.

அதன்பிறகு வண்டி என் கைக்கு வந்தது. பையில் மிச்சமிருந்தவற்றில் இரண்டை நானே மாட்டினேன். பன்னிரண்டாம் நாள் ஒன்று போனது. அண்ணனிடம் சொன்னேன். "போறப்போ வயர்ல ஏதோ பண்ணிட்டுப் போயிருக்கான்" என்றார்.

போன பல்பை எடுத்துக்கொண்டு எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் துணி வைத்து அடிப்பக்கம் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். கண்ணாடியில் ஓர் இடம் பால் சிந்தியதுபோல் வெளுத்து, லேசாகப் புடைத்திருந்தது.

"யாரு சார் இதத் தொட்டது?"

"தொட்டா என்ன?"

"விரல்ல இருக்கிற எண்ணெய் கண்ணாடில ஒட்டிக்கும். எரியும்போது அந்த இடம் மட்டும் தனியாக் கொதிச்சு வெந்துடும். அப்புறம் எத்தன நாள் தாங்கும்? இத வெறுங்கையால தொடவே கூடாது. விக்கிறவங்க சொல்லுவாங்களே."

"சொன்னாங்க" என்றேன்.

"பழைய பல்பு ஒண்ணக் காட்டியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். அவரு வண்டிய மட்டுந்தான் விட்டுட்டுப் போனாரு."

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். மாவுக்கட்டுப் போட்ட கையைத் தாங்கிக்கொண்டு மாடிக்கு ஏறினார். இடது கையில் ஒரு பிஸ்கட் டப்பாவோடு இறங்கி வந்தார். "கட்டிலுக்கு அடில இருந்தது தம்பி. போனதையெல்லாம் எடுத்து வச்சிருக்கான். யாராவது கேட்டாக் காட்டலாம்னு இருந்திருப்பான். யாரும் கேக்கல."

உள்ளே எட்டுப் பல்புகள். ஒவ்வொன்றிலும் வெளுத்த தடம். பாதிக்குமேல் வெறும் தீற்றல்தான். மூன்றில் மட்டும் விரல் ரேகை தெளிவாக வெந்திருந்தது. ரேகையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கோடு ஓடியது.

டப்பாவைக் கொண்டுபோய் அண்ணன் முன்னால் திறந்து வைத்தேன். எலக்ட்ரீஷியன் சொன்னதைச் சொன்னேன். அவர் ஒரு பல்பை எடுத்தார். எடுத்த மாத்திரத்தில் விரல்கள் தாமாகவே தேய்க்க ஆரம்பித்தன. பாதியில் நின்றன. கட்டைவிரலை விரித்துப் பார்த்தார், பல்பைப் பார்த்தார். பல்பைத் திரும்ப டப்பாவில் வைத்துவிட்டு, "ஃபோனப் போடு" என்றார்.

மச்சான் எடுத்தார். அண்ணியிடம் சொன்ன ஊரிலேயே ஒரு கிடங்கில் மூட்டை தூக்குவதாகச் சொன்னார்.

அண்ணன் மன்னிப்பையும் அடிமட்ட விலையிலிருந்துதான் தொடங்கினார். "வண்டிக் கோளாறு என்னன்னு தெரிஞ்சிடுச்சு. நீ வரலாம்" என்றார்.

"சரி அத்தான்."

"பல்புலதான் ஏதோ பிரச்சினை."

"ம்."

"கோவத்துல யாருக்கும் ஒரு வார்த்தை வரத்தான் செய்யும்."

"ம்."

"உங்கக்கா சரியாச் சாப்பிடறதில்ல."

இதற்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வரவில்லை. "மச்சான், உன் கை இல்ல. என் கைதான். எங்கைதான் சுத்தமில்ல. கேக்குதா?"

கேட்கவில்லை. அக்கா என்ற சொல்லோடு மச்சான் ஃபோனை வைத்துவிட்டிருந்தார். சரியான விலைக்கு அண்ணன் வந்து சேர்ந்தபோது எதிரில் ஆள் இல்லை. மறுபடி போட்டோம். எடுக்கவில்லை. அடுத்த வாரம் அந்த எண்ணே இல்லை என்று வந்தது. நான் அந்த ஊருக்குப் போய்க் கிடங்கு கிடங்காக விசாரித்தேன். இருந்தார், போய்விட்டார் என்றார்கள்.

எலக்ட்ரீஷியன் வாங்கி மாட்டிய இரண்டு பல்புகளும் நான்கு மாதமாகத் தவறாமல் எரிகின்றன. நேற்று அண்ணியின் மணிக்கட்டை டாக்டரிடம் காட்டப் போக வேண்டியிருந்தது. இருட்டத் தொடங்கியிருந்தது. வண்டியை வாசலில் நிறுத்தி, இரண்டு விளக்கையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் பின்கதவைத் திறந்து பிடித்திருந்தார்.

அண்ணி வெளியே வந்து விளக்குகளைப் பார்த்தார்.

"நல்லா எரியுது" என்றார்.

"ஏறு" என்றார் அண்ணன்.

"நீங்க வண்டில வாங்க. என்னால நடக்க முடியும்."

வண்டியைத் தாண்டித் தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். அண்ணன் பின்கதவைச் சாத்தினார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "மெதுவாப் பின்னாடியே போ" என்றார்.

போனேன். இரண்டு விளக்கின் வெளிச்சமும் அண்ணியின் முதுகில் விழுந்தது. அவருடைய நிழல் அவருக்கு முன்னால் தெருமுனை வரை நீண்டு கிடந்தது. எதிர்வீட்டுக்காரம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அணைச்சிடட்டுமா அண்ணே?" என்று கேட்டேன்.

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்து வைத்திருந்தார்.

"வேண்டாம்" என்றார். "கல்லு முள்ளு கிடக்கும். எரியட்டும்."